ஒரு தொழிலாளியின் செவி

மாதிரி விமானம் விடுவதைச் செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுவோர் உண்டு. அதன் மூக்கிலே இயங்கும் சிறு எஞ்சினை இசைவாக்கும் வித்தையை எனக்குக் கற்பித்தவரோ, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், கார்த் தொழிற்சாலையொன்றின் தகடு அழுத்தும் பகுதியில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த கிழவர். நான் அங்கு குடியேறியபோது அவர் என் அயலவர். தொழிற்சாலை அவருக்கு ஓய்வூதியத்தோடு செவிட்டுத்தன்மையையும் கொடுத்தனுப்பியிருந்தது. எஞ்சினின் நலத்தைச் செவியால் அறிந்துவந்த மனிதர், பின்னர் விரல்களால் அறிந்தார். காதுக்கு என்னை அழைத்துக்கொண்டார்.

குளோ எஞ்சினிலே பொறி எழுப்பும் மின்சாதனம் எதுவுமில்லை. 1947இல் அமெரிக்கரான ரே ஆர்டன் விற்பனைக்குக் கொணர்ந்த சிறு பிளக்கினுள் பிளாற்றினக் கம்பிச் சுருளொன்று உண்டு. தொடக்கத்தில் ஒன்றரை வோல்ற் பற்றரி அதைத் தணலாக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பற்றரியை அகற்றிவிடலாம். எரியும் மெதனோலும் பிளாற்றினமும் சேர்ந்து அந்தத் தணலை அணையாமற் காக்கும். எரிபொருளோடு ஆமணக்கெண்ணெய் முதலிய எண்ணெயும் கலந்தே செல்கிறது. வெடிக்கும் நேரத்தைத் திருத்தத் தனிக் கருவி இல்லாமையால், ஊசி வால்வினால் நாம் அமைக்கும் கலவையே பெரும்பாலும் யாவற்றையும் ஆளுகிறது.

“என்ன கேட்கிறது?” என்பார் கிழவர், விமானத்தின் வாலைப் பிடித்தபடி. எரிபொருள் மிகுந்திருந்தால் எஞ்சின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும்; ஒலி தாழ்ந்து தடித்திருக்கும். ஊசியை மெல்ல உட்திருகினால் ஒலி ஒரே கணத்தில் தெளிந்து உயரும். அந்த மாற்றத்தை நான் கையுயர்த்திச் சொல்லுமுன்னரே அவர் விரல்கள் உணர்ந்திருக்கும். பிறகு எரிபொருட் குழாயை ஒரு கணம் நசுக்கி விடுவார். வேகம் சற்று எழும்பினால் நல்லது. உடனே தளர்ந்தால் எரிபொருள் போதாது. மூக்கை வானை நோக்கி உயர்த்தியும் பார்ப்பார். அந்நிலையிலும் ஒலி சோரக்கூடாது.

உச்ச வேகத்தை எட்டியதும் ஊசியைச் சற்றுப் பின்திருகுவது அவர் கண்டிப்பான விதி. எரிபொருள் குறையும்போது அதனோடு வரும் எண்ணெயும் குறைகிறது. எஞ்சின் மிக வீறுடன் பாடும் அந்த நேரமே அது தன்னைத் தின்னும் நேரம். தங்கள் பகுதி மேற்பார்வையாளருக்கு இது ஒருநாளும் விளங்கியதில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் எல்லா எஞ்சினுக்கும் ஒரே வைத்தியம் செல்லாது. ஆர்க்கன்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் ஸ்மித் நகரிற் செய்யப்பட்ட ஃபாக்ஸ் 35இல், வார்ப்பிரும்புப் பிஸ்டன் உருக்கு உறைக்குள் ஓடும். ஆமணக்கெண்ணெய் தாராளமாக வேண்டும். புதிதில் மிகுந்த கலவையோடு சிறிது சிறிதாக ஓட்டிப் பழக்கவேண்டும். அலுமினியப் பிஸ்டனும் குரோமியம் பூசிய பித்தளை உறையுமுள்ள வகைக்கு அதே பரிவு தீங்காகும். அந்த உறை மேல்நோக்கி ஒடுங்கியது. குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் இறுகிக் கிறீச்சிடும். சூடேறினாற்றான் பித்தளை விரிந்து இடம்விடும். குளிரக் குளிர ஓட்டினால் பொருத்தம் தேய்ந்துபோம். கலிபோர்னியாவின் காக்ஸ், ஏறத்தாழ 0.8 கன சென்ரிமீற்றரே கொண்ட குட்டி. பலவற்றில் தலையும் பிளக்கும் ஒன்றே. நாக்கு வால்வுள்ள காக்ஸ் எத்திசையிலும் ஓட வல்லதாதலால் சிலவேளை பின்புறமாகவும் கிளம்பிவிடும்!

1936இல் ஒசாக்காவில் தோன்றிய ஓ.எஸ். நிறுவனத்தின் எஞ்சின்களிலேயே முரண் உண்டு. எல்.ஏ. வரிசையில் தாழ்வேகத் திருகு காற்றை அடைப்பது. உட்திருகினால் எரிபொருளின் விகிதம் கூடும். எஃப்.எக்ஸ். வரிசையிலோ திருகு எரிபொருளையே அடைப்பது, உட்திருகினால் குறையும். எல்.ஏ. வகையில் ஊசி வால்வை, சுழல்விசிறியை விட்டு எஞ்சினின் பின்பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அதைத் தடவிக்காட்டி, “இதை வரைந்தவன் விரலிழந்த எவனையோ அறிந்தவன்” என்றார் கிழவர். நான் கேட்ட பாராட்டுரைகளில் இதைவிடச் சிறந்ததில்லை.

இவ்வளவையும் ‘கைப்பழக்கம்’ என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். உலோகங்களின் விரிவை அளந்து, காரணம் கண்டு, அதற்கேற்பக் கையை மாற்றும் இது அறிவன்றி வேறென்ன? பட்டம் பெற்ற ஒருவர் செய்திருந்தால் ஆராய்ச்சி என்றிருப்போம்.

இன்று மின்மோட்டார்கள் இந்த எஞ்சின்களைப் பெரிதும் ஒதுக்கிவிட்டன. இரைச்சல் குறைந்தது, அதிலே எனக்கு வருத்தமில்லை. இரைச்சலின் விலை என்னவென்று அவரிடம் கண்டவன் நான்.

பறப்பு முடிந்ததும் தாங்கியில் எஞ்சியதை வடித்து, பிளக் சிவந்திருக்க எஞ்சினை வறளும்வரை ஓடவிட்டு, உள்ளே சில துளி எண்ணெய் இடுவார். மெதனோல் ஈரத்தை உறிஞ்சும். விட்டுவைத்தால் குண்டுப் போதிகைகள் துருவேறும். அதை முடிக்கும்வரை வேறு பேச்சுக்கு அவர் திரும்பமாட்டார்.