ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அப்பா

2020 மே மாதம். கொரோனாவால் சென்னை கோயம்பேடு சந்தையை மூடியதும், அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். சுகாதாரத் துறையினர் கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, 14 நாள் யாரும் வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இவர் பின்கட்டு அறையில். நானும் பிள்ளைகளும் முன்னால். எதிர்வீட்டு அத்தை தினமும் பால் பாக்கெட்டை வாசல்படியில் வைத்துவிட்டு, தெருவில் நின்றபடியே "பசங்க சாப்டாங்களா?" என்று கேட்பார். அந்தக் குரலை இன்றும் மறக்கவில்லை.

மூன்றாவது படித்த பாப்பாதான் அப்பாவோடு விளையாட வழி கண்டுபிடித்தாள். கொல்லையில், ஜன்னலுக்கு எட்டத்தில் உட்கார்ந்து தாயக்கட்டம் வரைந்தாள். தேய்த்த புளியங்கொட்டைகளை இவர் உள்ளே உருட்டி எண்ணைச் சொல்வார். அவள் இரண்டு பேர் காயையும் நகர்த்துவாள். ஒருநாள்கூட "நிஜமாவாப்பா?" என்று கேட்டதில்லை. இரண்டரை வயதுச் சின்னவனுக்கு எதுவும் புரியவில்லை. மூடிய கதவில் கன்னத்தை வைத்தபடியே தூங்கிவிடுவான். தூக்கும்போது எனக்கு அழுகை வரும்.

பிள்ளைகளைக் கபசுரக் குடிநீர் குடிக்க வைப்பது தனிப் போர். வெல்லம் கொடுத்தால்தான் இறங்கும்.

பாப்பாவின் பள்ளி திறக்க 2021 நவம்பர் 1 ஆகிவிட்டது. எங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியாவது தெரிந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் இருக்கும் என் தோழி வீட்டுப் பிள்ளைகள் போனில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினார்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

அந்த மே மாதத்துக்குத் திரும்புகிறேன்: பதினைந்தாம் நாள் காலை. கதவு திறந்ததும் சின்னவன் ஓடவில்லை. என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். இவர் தரையில் உட்கார்ந்து, புளியங்கொட்டைகளை உருட்டினார்.