துப்பாக்கியும் அப்பாயியும்

'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்பது நம் பெரியோர் வாக்கு. அந்த ஆத்திரக்காரனின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துப்பாக்கியும் இருந்துவிட்டால்? இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது சட்டப் புத்தகம் அன்று. கையெழுத்துப் போடவும் அறியாத என் அப்பாயி.

கூத்தாநல்லூரை அடுத்த சிற்றூர் எங்களுடையது. வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்கு எதிர்ச்சுவரில், பெரிய ஆணியொன்றில் ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி தொங்கும். தாத்தா தம் இளமையில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்று வாங்கியது. எனக்கு நினைவு தெரிந்து அது வெடித்ததே இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து, மீண்டும் மாட்டுவார். தேர்தல் அறிவித்துவிட்டால் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீதோடு வருவார். தேர்தல் முடிந்தபின் அது திரும்பி வரும். அதுவும் வாக்குப்பெட்டியைப் போல ஒரு தேர்தல் சாமான் என்றே சிறுவயதில் நான் எண்ணியிருந்தேன்!

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் தாத்தா மறைந்தார். உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். அப்பா அவ்வாறே செய்தார். வாரிசு விரும்பினால் தம் பெயரில் உரிமம் கேட்கலாம். பெரியப்பா கேட்டார்.

பெரியப்பா கெட்டவரல்லர். பகலில் அவரைப்போல் இரக்கமுள்ளவரை எங்கள் தெருவில் காண்பதரிது. ஆனால் பொழுது சாய்ந்து குடித்துவிட்டு வந்தால் வேறு மனிதர். அந்த ஆண்டு மடை திறப்பதில் பக்கத்து வயல்காரரோடு தகராறு மூண்டு, மண்வெட்டியை ஓங்கிவிட்டார். நால்வர் சேர்ந்து பிடித்துக்கொண்டதால் ஓர் உயிர் தப்பியது. ஊருக்குள்ளேயே பேசி முடித்துவிட்டார்கள். வழக்கு இல்லை, ஆகவே காவல் நிலையத் தாளில் அவர்மீது கறையும் இல்லை. மருத்துவர் சான்றும் கையில் இருந்தது. மருத்துவர் அவரைப் பார்த்தது காலை பத்து மணிக்கு!

விசாரணைக்கு வந்த காவலர் திண்ணையில் அமர்ந்தார். வயது என்ன, தொழில் என்ன, வழக்கு ஏதும் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தேநீர் குடித்தார். குறிப்பேட்டை மூடினார். அப்போதுதான் நிலைப்படியில் அப்பாயி வந்து நின்றாள்.

"ஐயா, எங்களையும் ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க."

"சொல்லுங்க பாட்டி."

"அவன் நான் பெத்த புள்ளதான். நல்லவன்தான். ஆனா பொழுது சாஞ்சா அவன் என் புள்ள இல்ல. அந்தத் துப்பாக்கி இந்த வீட்டுக்கு வேண்டாம்யா."

பெரியப்பாவின் முகம் கறுத்தது. காவலர் மூடிய குறிப்பேட்டை மீண்டும் திறந்தார். அப்பாயி சொன்னதை எழுதிப் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொண்டார். உரிமம் மறுக்கப்பட்டது. எட்டு மாதம் பெரியப்பா தம் தாயோடு பேசவில்லை.

பிறகு ஓர் இரவு. வெளியில் யாரோடோ சண்டை. கூச்சலிட்டுக்கொண்டே உள்ளே வந்த பெரியப்பா நேராக அந்தச் சுவரை நோக்கிப் போனார். கையை உயர்த்தினார். அங்கே ஆணி மட்டுமே இருந்தது. உயர்த்திய கையோடு சற்று நேரம் நின்றவர், அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை அப்பாயி வைத்த பழைய சோற்றை ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். அதன்பின் உரிமப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அன்று முதல் இந்தச் சட்டத்தைத் தேடிப் படிக்கலானேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் முதலில் உரிமம், பிறகுதான் கடை. வாங்குபவர் உரிமை உடையவர்தானா என்று உறுதி செய்யாமல் ஆயுதத்தைக் கொடுத்தால் வியாபாரிக்குத் தண்டனை உண்டு. உரிமம் தருமுன் காவல் நிலைய அறிக்கையை அதிகாரி கேட்டுப் பெறவேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகள் மருத்துவச் சான்றையும் கேட்கின்றன. எல்லாம் சரியே. ஆனால் 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. குறித்த நாளுக்குள் காவல் நிலைய அறிக்கை வராவிட்டால், அதிகாரி விரும்பினால் அதற்குக் காத்திராமலே முடிவெடுக்கலாம்.

இது சிறிய விஷயமா? அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஆயுதக் கடைக்குப் போனபின்தான் விசாரணை. அது மூன்று வேலை நாட்களுக்குள் முடியாவிட்டால், வியாபாரி துப்பாக்கியை விற்றுவிடலாம். 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்ற இளைஞன், அவ்வாறு விசாரணை முடியாமலே துப்பாக்கி வாங்கியவன். விசாரணை ஒழுங்காக முடிந்திருந்தால் அது அவன் கைக்குப் போயிராது என்று அந்நாட்டுப் புலனாய்வுத் துறையே பின்னர் ஒப்புக்கொண்டது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோர்க்கு மட்டும் அந்த அவகாசத்தைப் பத்து வேலை நாட்கள் வரை நீட்ட இடம் தந்தது. ஒன்பது உயிரின் விலை சில நாட்கள்!

அமெரிக்காவுக்குப் போவானேன்? நம் காவிரிப் படுகையிலேயே, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலித் தகராறில் மூண்ட பகையால் துப்பாக்கிகளோடு வந்த கும்பல் தாக்கியது. குடிசையொன்றில் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீயில் கருகினர். பகையும் ஆயுதமும் ஒரே கையில் சேரலாகாது என்பதற்கு இந்த மண்ணே சாட்சி.

"விசாரணையை இறுக்கினால், காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் ஏழை உழவன் அலைவானே, பிடிக்காதவர்கள் பொய் சொல்வார்களே" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு. பொய்க்கு மருந்து இருக்கிறது. புறப்பட்டுவிட்ட குண்டுக்கு என்ன மருந்து?

ஆகவே நான் வேண்டுவது மூன்று. காவல் நிலைய அறிக்கை வராமல் எந்த உரிமமும் தரக் கூடாது. அந்த அறிக்கை வழக்குப் பட்டியலோடு நில்லாமல் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும், குறிப்பாகப் பெண்களை, கேட்டு எழுதப்பட வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக்கிவிட்டது. ஐந்தாண்டில் மனிதர் எவ்வளவோ மாறுகிறார். எனவே புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இதே விசாரணை மீண்டும் நடக்க வேண்டும்.

தோழர்களே! நாளை நம்மில் சிலர் காவல் துறையிலும் சிலர் வருவாய்த் துறையிலும் பணியேற்கப் போகிறோம். என்றேனும் ஒருநாள் ஓர் உரிம விண்ணப்பத்தோடு ஒரு வீட்டு வாசலில் நீங்கள் நிற்கக்கூடும். அன்று திண்ணையோடு திரும்பிவிடாதீர்கள். உங்கள் கேள்வி அடுப்படி வரை போகட்டும். அங்கே ஒரு அப்பாயி பதிலோடு காத்திருப்பாள்.