மலையடிவாரத்தில் ஏழு நாட்கள்

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓசையையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் நான். சென்ற மார்கழி விடுமுறையில், எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடியின் மேற்கே, மலையடிவாரத்திலுள்ள மாமாவின் தோட்டத்திற்குக் காவலாகச் சென்றேன். ஓலைக்குடிசையும் அரிக்கேன் விளக்கும் பாடப்புத்தகங்களுமே ஏழு நாட்களும் எனக்குத் துணை.

அமைதியை நாடிச் சென்றவனுக்கு மூன்று இரவுகள் உறக்கமே வரவில்லை. பனி சொட்டும் ஓசைக்கும் திடுக்கிட்டு எழுந்தேன். நான்காம் இரவில்தான் காரணம் புரிந்தது. எங்கள் தெருவில் தறி நின்றால் கூலி இல்லை. கூலி இல்லையேல் அடுப்பு எரியாது. அமைதி என்றாலே பசி என்று என் செவி பழகியிருந்தது! அதன்பின் அயர்ந்து உறங்கினேன்.

ஊர் திரும்பியதும், “எப்படிடா இருந்தது?” என்றார் தந்தை. தறியோசையில் செவி மந்தமானவர் அவர்.

“அமைதியாக இருந்தது, அப்பா.”

“என்னது?”

உரக்கக் கத்தினேன்.