படிக்காமல் கோத்த பக்கங்கள்

நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சங்கடமாகப் போய்விடும். "எழுத்தைப் பற்றியும் பக்கத்தைப் பற்றியும் படிக்கிறேன்" என்று ஒரு தடவை என் பெரியப்பாவிடம் சொல்லி வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுத்துத்தான் ஒண்ணாம் வகுப்பிலேயே முடிந்து போச்சே, அம்மா! அதற்கா இத்தனை ஆயிரம் சம்பளம் கட்டுகிறான் உன் அப்பன்?" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்களே பாருங்கள். இந்தப் பக்கத்தைத் திருப்பியதும் படிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். வரிக்கும் வரிக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, ஓரத்தில் எவ்வளவு வெள்ளை இருக்கிறது என்றெல்லாம் கவனித்தீர்களா? இல்லை அல்லவா? அப்படி உங்களைக் கவனிக்க விடாமல் செய்வதுதான் நான் படிக்கிற படிப்பு.

இந்தச் சங்கதி எனக்கே முதலில் புரியவில்லை. கல்லூரியில் சேர்ந்த புதிதில், பக்கம் என்றால் கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஜோடிக்க வேண்டும் என்று எண்ணிக் கொண்டிருந்தேன். முதல் பயிற்சியாகத் திருக்குறளில் ஓர் அதிகாரத்தை ஒரு பக்கத்தில் அமைத்து வரச் சொன்னார்கள். ஐந்து விதமான எழுத்துக்களைப் பொறுக்கி எடுத்தேன். தலைப்புக்கு நிழல் கொடுத்தேன். அதிகாரத்தின் பெயரைச் சாய்த்தும் வைத்தேன். பிறகு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக் குறள்களை அடைத்து, பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன்.

ஆசிரியை அதை ஏற இறங்கப் பார்த்தார். "குறளுக்கு எத்தனை அடி?" என்று கேட்டார்.

"இரண்டு."

"உன் பக்கத்தில்?"

எண்ணிப் பார்த்தேன். பத்தி குறுகலாகப் போனதால், நாலு சீர் உள்ள முதல் அடி மூன்றும் ஒன்றுமாக ஒடிந்து, குறள் ஒவ்வொன்றும் மூன்று அடியாக நின்று கொண்டிருந்தது. ஒரே ராத்திரியில் வள்ளுவருக்கு நான் பத்து அடி இனாமாகக் கொடுத்திருந்தேன்!

சாய்வெழுத்துக்கும் அன்று சரியான பூசை கிடைத்தது. 1501-ஆம் வருஷம் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளர் சாய்ந்த எழுத்தில் ஒரு முழுப் புத்தகத்தையே அச்சிட்டார். அந்த எழுத்து, அந்த ஊர்க் கையெழுத்தின் சாயலில் செதுக்கப்பட்டது. தமிழுக்கு அப்படி ஒரு பரம்பரை இல்லை. கம்ப்யூட்டர் நம் எழுத்தைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளிவிடுகிறது. அதுவும் புயலில் சாய்ந்த வாழைத் தோட்டம் மாதிரி நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் கல்லூரியின் பின்கட்டில், பழைய ஈய எழுத்துக்கள் நிரம்பிய மரக் கேஸ்கள் சில இருக்கின்றன. முப்பது வருஷத்துக்கு மேல் அச்சுக் கோத்த பெரியவர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பார். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்டு, 12 பாயிண்டு சேர்ந்தால் ஒரு பைக்கா என்பதையெல்லாம் நான் கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறேன். கையில் தொட்டுப் பார்த்தது அவரிடம்தான். வரிகளுக்கு நடுவே மெல்லிய ஈயத் தகட்டைச் செருகிக் காட்டி, "தமிழுக்கு இது தாராளமாக வேண்டும், அம்மா" என்பார். காரணம் சின்னதுதான். 'கீ' என்று எழுதினால் மேலே ஒரு கொக்கி. 'மூ' என்றால் கீழே ஒரு வால். மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொக்கியும் முட்டிக் கொண்டால், படிக்கிறவன் தலையில்தான் இடி விழும். இங்கிலீஷுக்கு விடுகிற இடைவெளியை அப்படியே தமிழுக்கும் விட்டு அச்சடித்த நோட்டீசை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாதியிலே கீழே போட்டும் இருப்பீர்கள்.

ஒரு நாள் அவரிடம், "முப்பது வருஷத்தில் எவ்வளவு படித்திருப்பீர்கள், ஐயா!" என்றேன்.

அவர் சிரித்தார். "எங்கே அம்மா படித்தேன்? கோத்தேன். அர்த்தம் பார்க்க ஆரம்பித்தால் கை நின்றுபோகும். பிரதியில் என்ன இருக்கிறதோ அதுதான் ஸ்டிக்கில் ஏறும். தப்பாக இருந்தால் தப்பாகவே ஏறும். திருத்துவது புரூப் பார்க்கிறவர் பாடு."

இனி எங்கள் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆச்சிக்கு வயது 83. திருநெல்வேலிச் சீமை. காது பாம்புக் காது. ஞாபகமோ அதற்கும் மேல். கண்தான் இரண்டு வருஷமாகச் சரியில்லை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து போயிற்று. ஓரப் பார்வை மட்டும் மிச்சம். "உன்னை நேரே பார்த்தா மூஞ்சியக் காணோம், காது ரெண்டும் மட்டும் இருக்கு" என்பாள். போன பார்வையைத் திருப்பித் தர முடியாது, இருக்கிற பார்வையை வைத்துக் கொண்டு சமாளிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆச்சியிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதற்குள் 41 இன்லண்டு லெட்டர்கள். தாத்தா பிலாய் உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எழுதியவை. 1959-இல் அங்கே முதல் ஊதுலை மூட்டப்பட்டது. 1961-இல் தாத்தா போனார். கல்யாணமான புதிது. வீடு கிடைக்க மூன்று வருஷம் ஆயிற்று. அதுவரையில் ஆச்சி ஊரிலேயே இருந்தாள். அந்த மூன்று வருஷத்துக் கடிதங்கள்தாம் அவை. பொங்கலுக்குப் பொங்கல் எடுத்து வாசித்து மடித்து வைப்பது ஆச்சியின் வழக்கம். இரண்டு வருஷமாக எடுக்கிறாள், தடவுகிறாள், மடித்து வைக்கிறாள்.

"நான் வாசித்துச் சொல்கிறேன், ஆச்சி" என்றேன்.

"நல்லாருக்கே! புருசன் எழுதுன காயிதத்தைப் பேத்தி வாசிச்சுக் கேக்கவா?" என்று பெட்டியை மூடிவிட்டாள். ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "ஏட்டி, நீ எழுத்துக்குத்தானே படிக்கே? இதைப் பெரிசா அடிச்சுக் கொடு. ஆனா வாசிக்கக் கூடாது."

பார்த்தீர்களா, எனக்கு வந்த முதல் வேலையை! கடிதங்களை அப்படியே படமெடுத்துப் பெரிதாக்கினால் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அது பலிக்கவில்லை. நீலக் காகிதத்தில் மை வெளுத்திருந்தது. பெரிதாக்கியபோது பின்பக்கத்து எழுத்தும் முன்னால் வந்து நின்றது. போதாததற்கு, தாத்தா ஓரம் என்பதே விடாமல் எழுதியிருந்தார். இடம் தீர்ந்ததும் காகிதத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் எழுதி, ஒட்டுகிற மடிப்பிலும் நாலு வரி நுழைத்திருந்தார். எங்கள் ஆசிரியை பார்த்தால் சைபர் மார்க்குத்தான் போடுவார். ஆனால் தாத்தாவுக்கு ஒரு கடிதத்துக்கு ஒரு காகிதம்தான். சொல்ல வேண்டியதோ நிறைய. தரங்கம்பாடியிலும் இதே கஷ்டம் வந்ததுண்டு. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து பாதிரிமாருக்குத் தமிழ் அச்செழுத்துக்கள் வந்து சேர்ந்தன. அவை பெரியவை, காகிதமோ அருமை. கட்டுப்படி ஆகாமல், உள்ளூரிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்துக் கொண்டார்கள். காகிதத்தை மிச்சம் பிடிக்க எழுத்தைச் சிறிதாக்கியவர்கள் அவர்கள். எழுத்துக்காகக் காகிதத்தை வாரி இறைக்க வேண்டியவள் நான்.

ஆகவே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சுச் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. வாசிக்காமல் எப்படிச் செய்வது? பெரியவர் சொன்னதை நினைத்துக் கொண்டேன். கடைசி வரியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறினேன். அர்த்தம் தலைகீழாக வந்தால் மண்டையில் ஏறாதல்லவா? வாசிக்கவில்லை என்றுதான் ஆச்சியிடம் சொன்னேன். உங்களிடமும் இப்போதைக்கு அதையே சொல்லி வைக்கிறேன்.

பிறகு நடந்த பரீட்சை, கல்லூரிப் பரீட்சையைவிடக் கடினமானது. சாதாரணப் புத்தகங்கள் 11, 12 பாயிண்டில் இருக்கும். நான் 36 பாயிண்டில் போட்டேன். பெரிதாக இருந்தால் போதும் என்ற எண்ணம். ஆச்சி தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இது காயிதமா, கடை போர்டா?" என்றாள். தமிழ் வார்த்தை நீளமானது. 'எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்று தாத்தா ஒரு வார்த்தை போட்டால் ஒரு வரி தீர்ந்துவிட்டது. கண் போவதும் வருவதுமாகவே இருந்தால் விஷயம் எப்படி மனசில் தங்கும்? காகிதத்தைப் படுக்கை வசமாகத் திருப்பி, எழுத்தை 26 பாயிண்டுக்கு இறக்கினேன். வரிக்கு நாலு வார்த்தை வந்தது. வரியும் வரியும் 40 பாயிண்டு தள்ளி நின்றன.

இரு ஓரமும் நேர் கோடாக இருந்தால்தான் அழகு என்று வார்த்தைகளை இழுத்துக் கட்டியிருந்தேன். அதனால் நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழுந்தன. ஓட்டை வந்த இடத்தில் வரி முடிந்துவிட்டது என்று நினைத்து ஆச்சி கீழே இறங்கிவிட்டாள். வலது ஓரம் எப்படியாவது போகட்டும் என்று அவிழ்த்துவிட்டேன். மெல்லிய கோடும் தடித்த கோடுமாக வளைகிற நாசூக்கான எழுத்து ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதன் மெல்லிய கோடுகள் ஆச்சியின் கண்ணுக்குத் தெரியவேயில்லை. வழவழப்பான காகிதம் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. அதுவும் போயிற்று. இடது ஓரத்தை மட்டும் தாராளமாக விடச் சொன்னாள். எதற்கு என்றால், கட்டை விரலை வைத்துக் கொண்டு அடுத்த வரியைப் பிடிப்பதற்கு. பக்கத்துக்கு ஓரம் எதற்கு என்று ஒரு மாதப் பாடம் கேட்டிருக்கிறேன். இது அதில் வரவில்லை.

இன்னொரு வழக்கும் வந்தது. "இது அவுக எழுத்து இல்லையே" என்றாள். 'லை', 'னை' எல்லாவற்றிலும் தாத்தா மேலே தும்பிக்கை போட்டு எழுதியிருக்கிறார். நான் போட்டது இந்தக் காலத்து எழுத்து. பெரியார் 1935-இல் தம் 'குடி அரசு' பத்திரிகையில் கையாண்ட சீர்திருத்தத்தைத்தான் 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக் கொண்டது. தாத்தாவின் கடிதங்கள் அதற்கு முந்தியவை. நல்லவேளையாகப் பழைய வடிவங்களைத் தருகிற எழுத்தும் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கிறது. தும்பிக்கைகளைத் திரும்ப மாட்டினேன்.

ஒன்றை மட்டும் நான் ஆச்சியிடம் சொல்லவில்லை. பத்தியின் கடைசி வரி மட்டும் தப்பி, அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக வந்து நின்றால், அதற்கு எங்கள் தொழிலில் 'விதவை' என்று பெயர். இங்கிலீஷ்காரன் வைத்த பெயர். விதவையைப் பக்கத்தில் விடாதே என்பது பாடம். அதை வீட்டிலே எப்படிச் சொல்வது?

ஏறக்குறைய 270 பக்கம் வந்தது. ஒன்றாகக் கட்டினால் மடி தாங்காதென்று மூன்று பாகமாக, கம்பிச் சுருள் போட்டு, விரித்தால் விரித்தபடி கிடக்கும்படி செய்தேன். ஆச்சி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கொண்டு, ஓரக் கண்ணால் வாசிக்க ஆரம்பித்தாள். உதடு மட்டும் அசையும். முதல் நாள் இரண்டு பக்கம். மறு நாள் ஐந்து. மூன்றாம் நாள் தனக்குத் தானே சிரித்துக் கொண்டாள். எந்த இடம் என்று எட்டிப் பார்க்க எனக்குக் கால் துடித்தது, போகவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம், "ஏட்டி, இங்க வா" என்று கூப்பிட்டாள். ஒரு வார்த்தையின் மேல் விரல் இருந்தது. "இது என்ன?"

"மல்லிகை, ஆச்சி."

"அவுக என்ன எழுதியிருக்காக? பெட்டியத் திறந்து பாரு."

பார்க்க வேண்டியதே இல்லை. இருந்தாலும் எடுத்துப் பார்த்தேன். 'மள்ளிகை' என்று எழுதியிருந்தது.

"கல்யாணமான நாள் முதலா சொல்லிப் பாத்தேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவுகளுக்குக் கடைசி வரை வரலை" என்றாள் ஆச்சி. பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினாள், என் காதைப் பார்ப்பதற்காக. "வாசிக்கவே இல்லேன்னியே. பிறவு இதை எப்படித் திருத்துன?"

என்ன பதில் சொல்வது? பெரியவராக இருந்தால் தப்பைத் தப்பாகவே கோத்திருப்பார். என் கையோ, எனக்கே தெரியாமல், பேத்தியின் கையாகப் போய்விட்டது. தலையைக் குனிந்து கொண்டு நின்றேன். ஆச்சி கோபிக்கவில்லை. விரலை எடுக்காமலே, "எத்தனை இடம்?" என்றாள்.

"ஏழு."

"திரும்பப் போட்டுரு."

அன்று ராத்திரியே உட்கார்ந்து ஏழு பக்கங்களிலும் தாத்தாவின் 'ள்ளி'யைத் திரும்பப் போட்டேன். நான் எடுத்துக் கொண்ட எழுத்தில் ல-வைவிட ள சற்று அகலம். ஆறு பக்கங்களில் ஒன்றும் ஆகவில்லை. ஏழாவதில் மட்டும் ஒரு வார்த்தை அடுத்த வரிக்குத் தள்ளிப் போய், அது இன்னொன்றைத் தள்ளி, கடிதத்தின் கடைசி வரி பக்கத்தை விட்டே இறங்கி, மறு பக்கத்தின் தலையில் ஒண்டியாக நின்றது. தாத்தா கையெழுத்துப் போட்டிருந்த வரி. மேல் பக்கத்தில் வரிகளுக்கு இடையே அரைப் பாயிண்டு, அரைப் பாயிண்டாகக் குறைத்து இடம் பண்ணி, அதை உள்ளே இழுத்து மற்ற வரிகளோடு சேர்த்து வைத்தேன். பிறகு அச்சடித்துக் கம்பிச் சுருளில் மாட்டி, ஆச்சியின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.