நர்ஸ் வேலையை விட்டு வக்கீல் தொழிலுக்கு

நர்ஸ் வேலையை விட்டுட்டு சட்டம் படிக்கப் போறேன்னு ஒரு பொண்ணு சொன்னா, "கிறுக்கா உனக்கு?"ன்னு கேக்கிறவங்க எங்க கண்ணமங்கலத்துல இன்னும் இருக்காங்க. டிகிரி இருந்தா மூணே வருஷம். வேலூர்ப் பக்கமே அரசு சட்டக் கல்லூரி. இடிக்கிறது சம்பளம்தான். முழுநேரச் சம்பள வேலையில இருந்துகிட்டு வக்கீல் தொழில் பண்ண பார் கவுன்சில் விதி விடாது. தறிக்கடன் இருக்கிற வீட்டுல இது லேசா?

ஆனா காயம் எத்தனை சென்டிமீட்டர், எத்தனை மணிக்குக் கொண்டு வந்தாங்கன்னு ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டைப் பார்த்ததும் பிடிச்சிடுற, நர்ஸா இருந்த வக்கீல், அடிபட்டவளுக்கு எவ்வளவு பெரிய பலம்!

மருத்துவத்துல இருந்து சட்டத்துப் பக்கம் வர்றது புதுசும் இல்ல. முத்துலட்சுமி ரெட்டி 1912ல டாக்டர். 1927ல சென்னை சட்டசபையில. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கேட்டப்ப காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியே எதிர்த்தார். முழுத் தடை வர 1947 ஆச்சு.

ஊர்ப் பொண்ணுங்க யாராவது அப்ளிகேஷன் போடறதா இருந்தா இன்பாக்ஸ் வாங்க, விவரம் விசாரிச்சுத் தர்றேன்.