வெட்டி எறிந்தால் தீர்ந்ததா?

நாலு பெண்கள் கூடினால் சர்க்கரை, முழங்கால் வலி எல்லாவற்றையும் பேசிவிடுகிறோம். வீட்டு ஆண்களின் சிறுநீர்த் தொந்தரவை மட்டும் வாய் திறப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். இன்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

இவருக்கு 68 வயது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சோழவந்தானில் கொஞ்சம் நிலம் உண்டு; வாரம் இரண்டு தடவை பஸ் ஏறிப் போவார். போன வருஷம் திடீரென்று போவதை நிறுத்தினார். இரவில் நாலு முறை எழுந்திருக்கிறவர் பஸ்ஸில் எப்படி அடக்கிக்கொண்டு உட்காருவார்? அது எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று!

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்த்தார்கள், 7 இருந்தது. பிறகு ஸ்கான், ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை. பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார் டாக்டர். வேடிக்கையைக் கேளுங்கள்: இரவில் எழுப்பியது அந்த நோயே இல்லையாம். வயதுக்கு வீங்கிய சுரப்பிதான் காரணம். அது மாத்திரையிலேயே அடங்கிவிட்டது. அதைத் தேடப் போன இடத்தில் இது அகப்பட்டது.

கிளீசன் என்று ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். இவருக்கு 6. நோய் சுரப்பியைத் தாண்டவில்லை. எட்டு, ஒன்பது என்று வந்திருந்தால் காத்திருக்கும் பேச்சே கிடையாது என்றார் டாக்டர். குறைந்த மார்க் வாங்கி ஒரு வாத்தியார் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வழி மூன்று. ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுப்பது, கதிர் வைப்பது (நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்கிறார்களே, அதுதான், பாலரெங்கபுரத்து அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே உண்டு), ஒன்றும் செய்யாமல் உன்னிப்பாகக் கவனித்து வருவது.

"பாம்பை வீட்டில் வைத்துக்கொண்டு தூங்குவீர்களா, மதினி? வெட்டி எறியச் சொல்லுங்கள்" என்றார் கொழுந்தனார். என் மனசிலும் அதுவேதான்.

டாக்டர் பொறுமைசாலி. பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை 1,643 ஆண்களை இந்த மூன்று வழிகளிலும் பிரித்துவிட்டு, பதினைந்து வருஷம் கவனித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்களாம். எந்த வழியில் போனாலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர்தான். ஆனால் கவனித்து மட்டும் வந்தவர்களில் ஒன்பது பேருக்கு நோய் வேறிடம் பரவிற்று; மற்ற இரண்டிலும் ஐந்து பேருக்குத்தான். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஆறு மாதம் கழித்து 46 பேர் நீர்க்கசிவுக்குத் துணிப்பட்டை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு வருஷம் கழித்தும் 17 பேருக்கு அந்தக் கஷ்டம். கதிர் வைத்தால் குடலுக்குத் தொல்லை வரலாம். தாம்பத்தியத்தைப் பற்றியும் டாக்டர் நாசூக்காக ஒன்று சொன்னார். இவர் ஜன்னலைப் பார்த்தார். நான் என் கைப்பையைப் பார்த்தேன்.

இவர் எல்லாவற்றையும் பழைய ரேஷன் கவரின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு வந்தார். நான் எழுத்தைப் பார்க்கவேயில்லை. "எடுத்துவிடுங்கள், எனக்கு நிம்மதி வேண்டும்" என்று இரண்டு நாள் அழுதேன்.

மூன்றாம் நாள் இரவு மொட்டைமாடியில் மெதுவாகச் சொன்னார்: "வெட்டிவிட்டால் நீ தூங்குவாய். நான் ஈர வேட்டியோடு விழித்திருப்பேன்."

சுருக்கென்றது. இவர் உயிருக்காகத்தான் மன்றாடுகிறேன் என்று நினைத்திருந்தேனே! பாதிக்குமேல் என் பயத்துக்குத்தான் வைத்தியம் தேடியிருக்கிறேன்.

அதற்காக உடனே விட்டுக்கொடுக்கவும் இல்லை. "அந்த ஒன்பது பேரில் நீங்கள் ஒருவராக இருந்தால்?" என்று கேட்டேன். கணக்கு வாத்தியாருக்கு அதற்கு விடை இல்லை. கவனித்து வந்தவர்களிலும் நூற்றுக்கு அறுபது பேர் பின்னால் சிகிச்சைக்குத்தான் போனார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம், டாக்டர் கேட்டால் மறுபடி ஸ்கான், ஊசி. நோய் வளர்கிறது என்று டாக்டர் சொன்னால் அன்றே ஆபரேஷன். அப்போது மறுபேச்சுக் கூடாது. கையடித்துக் கொடுத்தார்.

இரண்டாம் தடவை பார்த்தபோது 7.2. 'இது ஏற்றமில்லை' என்றார் டாக்டர். எனக்கு ஏற்றமாகத்தான் பட்டது.

இப்போது மறுபடியும் சோழவந்தானுக்குப் போகிறார். வெற்றிலைக் கவுளியோடு திரும்புகிறார். அடுத்த பரிசோதனை கார்த்திகையில். காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன். அதற்கு முந்தின இரவு எனக்குத் தூக்கம் வராது. இவர் குறட்டை விடுவார்.