படகில் ஏறிய காலண்டர் இயேசு

நேத்து சாயங்காலம் கோயில்ல தியானம்.

"கண்ணை மூடுங்க. கலிலேயாக் கடல். புயல். படகுல நீங்களும் இருக்கீங்க. பின்பக்கம் இயேசு தூங்குறார். அவர் முகத்தைப் பாருங்க"ன்னார் ஃபாதர்.

படகு வந்துச்சு.
மீன் கவிச்சிகூட வந்துச்சு.
இயேசு மட்டும் எங்க ஆச்சி வீட்டுக் காலண்டர்ல இருந்து நேரா வந்துட்டார்!

செம்பட்டை முடி. வெள்ளைத் தோல். புயல்லயும் கலையாத வகிடு.
கீழே தேதி கிழிக்கிற தாள் மட்டும்தான் இல்ல.

நற்செய்தி நாலையும் புரட்டினாலும் அவர் என்ன நிறம், எவ்வளவு உயரம்னு ஒரு வரி கிடையாது. 1940-ல வார்னர் சால்மன்னு ஒரு அமெரிக்க ஓவியர் வரைஞ்ச படம் கோடிக்கணக்குல அச்சாகி, உலகம் பூரா சுவர்ல ஏறிடுச்சு. என் மண்டைக்குள்ள ஏறினதும் அந்த ஜாடைதான்.

இப்படிக் கண்ணை மூடிக் காட்சியைப் பார்க்கிற ஜெபமுறையைப் பரப்பின புனித இஞ்ஞாசியார் முதல்ல ஒரு போர்வீரர். 1521-ல பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைஞ்சு படுத்துக் கிடந்தப்போ ஆரம்பிச்ச கற்பனை. பெத்லகேம் போற பாதை எவ்வளவு நீளம், மேடா பள்ளமான்னுகூடப் பார்க்கச் சொல்வார்.

சரி, முகம் வேணாம்னு கையைப் பார்த்தேன்.
தச்சர் கை. காய்ச்சுப்போன உள்ளங்கை. நகக்கண்ணுல மரத்தூள்.

அது எங்கப்பா கை.

அதுக்கப்புறம் புயல் அடங்குச்சான்னு தெரியல. பக்கத்துல இருந்த அக்கா தட்டி, "தூங்கிட்டீங்களா?"ன்னாங்க.

இயேசுவே தூங்கினாருல்ல!

நீங்க கண்ணை மூடினா யார் ஜாடையில வர்றார்?